கூவத்தின் கரை யாருக்கு ஆட்சேபகரமானது?

சென்னைத் தீவுத்திடலின் அருகே, கூவம் ஆறு கடலைச் சேர்வதற்குச் சற்று முன்பாக, சத்தியவாணிமுத்து நகர் என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழக அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண் தலைவரும், 1974இல் திமுகவிலிருந்து விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவருமான சத்தியவாணிமுத்துவின் பெயரால் அழைக்கப்பட்ட பகுதி அது. 2019 டிசம்பரின் இறுதியில், கல்வியாண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்கள் அகற்றப்பட்டு நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. ஆற்றைச் சீரமைப்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

கூவத்தைச் சீரமைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அதன் கரையில் வாழ்ந்தவர்களைவிட அந்த ஆற்றின் சீர்கேட்டால் துன்புற்றவர்கள் எவருமில்லை. ஆனால் ஆற்றைக் கெடுத்தது யார், அதன் நிலத்தை ஆக்கிரமித்தது யார், அதைக் காப்பாற்றுவதற்கான விலையைக் கொடுப்பது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஆற்றின் புவியியலிலிருந்தே தொடங்க வேண்டும். நகரத்துக்குள் ஓடும் பகுதியை மட்டும் பார்த்துக் கூவத்தைப் பேசுவதால்தான், குடிசைகளே அதன் நோய் என்ற எண்ணம் நிலைபெற்றிருக்கிறது.

ஆற்றின் பாதை

சென்னைப் பெருநகரப் பகுதியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என மூன்று ஆறுகள் கடலை நோக்கி ஓடுகின்றன. நடுவில் ஓடுவது கூவம். கேசவரம் என்னுமிடத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டிலிருந்து ஒரு கிளை பிரிந்து வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்ற பெயருடைய ஊரின் ஏரியிலிருந்து வழியும் உபரிநீரும் அதில் சேர்கிறது. ஆற்றுக்குப் பெயர் கொடுத்தது அந்த ஊர்தான்.

ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றுக்குச் சுமார் 400 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பரப்பு உண்டு. அதனுள் 75க்கு நெருக்கமான ஏரிகள் இருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. மலையில் பிறந்து ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று கூவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பும். ஒன்றின் உபரி அடுத்த ஏரிக்கும், இறுதியில் ஆற்றுக்கும் போய்ச் சேரும். எனவே கூவத்தின் உயிர் அந்த ஏரிகளின் தொடர்ச்சியில் இருக்கிறது. ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாற மாற, மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற மாதங்களில் வறட்சியும் ஆற்றின் இயல்பாகிவிட்டன.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியமானது. ஜமீன் கொரட்டூரில் கூவத்தின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து ஆற்றுநீர் புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்று செம்பரம்பாக்கம். ஆக, கூவம் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறும்கூட. நல்ல நீரை மேலேயே எடுத்துக்கொண்டு, கீழே ஓடும் வறண்ட தடத்தில் நகரம் தன் கழிவுநீரை விடுகிறது.

அதன்பின் ஆறு திருவேற்காடு, மதுரவாயல், அரும்பாக்கம், அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர், புதுப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை வழியாக வளைந்து வளைந்து வருகிறது. மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் மட்டும் சுமார் 18 கிலோமீட்டர் ஓடுகிறது. தீவுத்திடலைச் சுற்றி இரு கிளைகளாகப் பிரிந்து, மீண்டும் கூடி, நேப்பியர் பாலத்தின் கீழே வங்கக் கடலைச் சேர்கிறது.

முகத்துவாரத்தின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் அதன் தடுப்புச் சுவர்கள் இந்த நகர்வை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. துறைமுகத்துக்குத் தெற்கே அமைந்த கூவத்தின் வாயும் மணலால் அடைபட்டது. மழைக்காலம் தவிர மற்ற நாட்களில், மணல்மேட்டை உடைத்துக் கடலில் சேரும் வலிமை ஆற்றுக்கு இல்லை. தரையும் தட்டையானது. நீர் தேங்குவதற்கான எல்லாக் காரணங்களும் இங்கே ஒன்றுகூடியிருக்கின்றன. அவற்றில் எதையும் கரையோரக் குடிசைகள் உண்டாக்கவில்லை.

மேல்நிலத்து ஊர்களும் நிலமற்றவர்களும்

ஆறு வரும் வழியிலேயே மக்களும் நகரத்துக்கு வந்தார்கள். கூவத்தின் மேற்பகுதி அமைந்துள்ள திருவள்ளூர் வட்டாரம் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தில் நிலவிய மிராசு முறையின்கீழ் ஏரிநீரும், நன்செயும், தரிசும், ஊர்ப் பொதுநிலமும் மிராசுதார்களின் பிடியில் இருந்தன. நிலத்தில் உழைத்த பறையர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இல்லை.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், அம்மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனையும்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதும், மிராசுதாருக்குப் பணியாதவரை மனையிலிருந்து வெளியேற்றிவிட முடியும் என்ற அச்சமே அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது என்பதும் அந்த அறிக்கை வெளிக்கொணர்ந்த உண்மைகளில் முதன்மையானவை. அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் அவ்வாறு ஒதுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி பின்னர் கைமாறிய வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே.

நிலமும் மனையும் மறுக்கப்பட்டவர்கள் துறைமுகத்துக்கும், ஆலைகளுக்கும், ரயில்வேக்கும், மாநகராட்சியின் துப்புரவுப் பணிக்கும் வந்தார்கள். 1876 முதல் 1878 வரையிலான பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் வந்தவர்களின் உழைப்பில் உருவான நீர்வழி அது. வந்தவர்களுக்கு நகரம் வேலை கொடுத்தது, இடம் கொடுக்கவில்லை. எவரும் விரும்பாத நிலம் ஒன்றே மிச்சம் இருந்தது. அது வெள்ளம் வரும் நிலம். ஆற்றின் கரை, கால்வாயின் ஓரம்.

வறுமை எல்லாச் சாதியிலும் உண்டு, கரையிலும் எல்லாச் சாதியினரும் வாழ்ந்தார்கள் என்று சிலர் கூறலாம். உண்மைதான். இசுலாமியர்களும் மீனவர்களும் பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகளும் அங்கே இருந்தார்கள். ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகர்ப்புற மக்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் பட்டியல் சாதியினர். குடிசைப் பகுதிகளிலோ ஐந்தில் ஒருவர். கூவக் கரையின் குடியிருப்புகளில் நடந்துபார்த்த எவருக்கும் அந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே தெரியும். சாதி, கிராமத்தில் ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தைப் பிரித்தது. நகரத்தில் மேட்டுநிலம் என்றும் ஆற்றங்கரை என்றும் பிரித்திருக்கிறது.

ஆறு சாக்கடையானது எப்படி?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, ஆவடியிலிருந்து நகருக்குள் வரும் கூவத்தின் பகுதியில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று பதிவு செய்தது. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைக் காட்டும் அளவு இது. குளிப்பதற்கு உகந்த நீரில் அது 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அறிக்கையில் இடம்பெற்ற ஆற்றுப் பகுதிகளில் நாட்டிலேயே மிக மோசமான அளவு கூவத்தினுடையதாக இருந்தது.

இவ்வளவு கழிவு எங்கிருந்து வருகிறது? பாதாளச் சாக்கடை முழுமையாகச் சென்றடையாத புறநகர்கள், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாக இணைக்கப்பட்ட அடுக்குமாடிகள், உணவகங்கள், மருத்துவமனைகள், திறன் போதாத சுத்திகரிப்பு நிலையங்கள், லாரிகளில் கொண்டுவந்து கொட்டப்படும் மலக்கழிவு என அதன் ஊற்றுகள் பல. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கழிவுநீர்க் கட்டமைப்பு அதற்கேற்ப விரியவில்லை. கழிப்பறையே இல்லாத, ஒரு நாளைக்குச் சில குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் ஓர் ஆற்றைக் கொல்லும் அளவுக்குக் கழிவுநீரை உற்பத்தி செய்ய முடியாது. நீரை அதிகம் பயன்படுத்துபவர்களே கழிவுநீரையும் அதிகம் வெளியேற்றுகிறார்கள். எளிய கணக்கு இது.

இக்கழிவு நகரத்தின் அடியில் ஓடும்போது அதில் இறங்குபவர்களும் தலித்துகள்தாம், குறிப்பாக அருந்ததியர்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் இத்தகைய மரணங்கள் அதிகம் பதிவாகும் மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு நீடிக்கிறது. கழிவு குழாயில் இருக்கும்போது அதில் இறங்க வைக்கப்படுபவர்கள், அது ஆற்றில் கலந்தபின் அதன் கரையில் வாழ வைக்கப்படுபவர்கள், ஆற்றைச் சுத்தம் செய்யும்போது அங்கிருந்து அகற்றப்படுபவர்கள் எல்லோரும் ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இதைத் தற்செயல் என்று நாம் ஏற்க முடியாது.

தூண்களும் குடிசைகளும்

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆற்றின் நீரோட்டத்தைத் தடுக்கும் எந்தக் கட்டுமானமும் ஆக்கிரமிப்புதான் என்றால், அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர் நீளத் திட்டம். பாதையின் பெரும்பகுதி கூவத்தை ஒட்டியது. அதற்காகவும் கரையோரக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. தூண்கள் ஆற்றின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று கூறி 2012இல் மாநில அரசே பணியை நிறுத்தியது. அத்தடையை 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பின்னர் திட்டம் ஈரடுக்குச் சாலையாக மாற்றியமைக்கப்பட்டு, 2022 மே மாதத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. இதேபோல், பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் தடத்திலேயே ஊன்றி நிற்கின்றன.

சாலையும் ரயிலும் வேண்டாம் என்பது நம் வாதமன்று. ஆற்றுத் தடத்தில் காங்கிரீட் தூண் நிற்க ஒப்புதல் அளிக்கும் அரசுக்கு, கரையில் ஓலைக் குடிசை நிற்பது மட்டும் எவ்வாறு தாங்க முடியாததாகிறது என்பதே கேள்வி. தூணுக்கு அனுமதி தரும்போது பொறியாளர்கள் கூடி மாற்று வடிவமைப்பைத் தேடுகிறார்கள். குடிசைக்கு அப்படியொரு தேடல் நடப்பதில்லை.

வருவாய்த் துறையின் மொழி இந்த வேறுபாட்டை நிலைநிறுத்துகிறது. புறம்போக்கு நிலங்கள் ஆட்சேபகரமானவை, ஆட்சேபகரமற்றவை என இருவகை. இரண்டாம் வகையில் நீண்ட காலம் குடியிருப்போர்க்குப் பட்டா கிடைக்க வாய்ப்புண்டு. நீர்நிலை முதல் வகை. அங்கே எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் உரிமை பிறக்காது. நீர்நிலைகளைக் காக்கும் நோக்கம் சரியானது. ஆனால் ‘ஆட்சேபகரம்’ என்ற சொல் நிலத்திலிருந்து வழுக்கி, அந்நிலத்தில் வாழும் மனிதர்கள்மீது படிந்துவிடுகிறது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ் ஆகிய அனைத்தையும் அதே முகவரிக்கு வழங்கிய அரசு, ஒரு காலைப் பொழுதில் அம்முகவரியையே இல்லையென்கிறது.

சட்டம் எங்கே கைவிடுகிறது?

வழக்கறிஞர்களாகிய நம்மிடம் குடும்பங்கள் முதலில் கேட்பது, ‘எங்களைக் காக்கச் சட்டம் எதுவும் இல்லையா?’ என்பதே. இருக்கிறது. ஆனால் அது கரைக்கு வந்துசேரும் முன் ஒவ்வொரு படியிலும் தேய்ந்துபோகிறது.

1985இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்றது. அதே ஆண்டில் சென்னையின் குடிசைவாழ் மக்கள் தொடர்பாக, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று இடம் தருவதாக மாநில அரசு அளித்த உறுதிமொழியே அதில் முக்கிய இடம்பெற்றது. 1995இல் சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமை என்பது தலைக்குமேல் ஒரு கூரை மட்டுமன்று. போதிய இடமும் தூய சூழலும் குடிநீரும் சாலை வசதியும் சேர்ந்ததே என விளக்கியது. தலித்துகளின் வீட்டுமனைக்காக நிலம் எடுத்ததை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் தொடுத்த வழக்கு அது. 2019இல் அஜய் மாக்கன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், அகற்றும் முன் மக்களுடன் பொருள்பொதிந்த கலந்தாய்வு வேண்டும் என்றும், நகரத்தின்மீது அவர்களுக்கும் உரிமை உண்டு என்றும் கூறியது.

தமிழ்நாட்டில் இவற்றுக்கெல்லாம் முன்பே 1971ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்துவிட்டது. குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்து, உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி எவரையும் வெளியேற்ற இயலாது என்பது அதன் முதன்மையான பாதுகாப்பு. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல்லாண்டுகளாகப் புதிய அறிவிப்பு இல்லை. அறிவிக்கப்படாத பகுதிக்கு அச்சட்டத்தின் கேடயம் இல்லை; 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் அறிவிப்பு மட்டுமே வரும். சட்டம் இருந்தும் அதைத் தொடங்கிவைக்கும் ஓர் அறிவிப்பை வெளியிடாமலேயே அதைச் செயலிழக்கச் செய்ய முடிகிறது.

2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாடெங்கும் வரவேற்கப்பட்டது. இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு, நேரில் விசாரணை, காரணம் கூறும் ஆணை ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில்பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களிலுள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இந்த நெறிமுறைகள் பொருந்தா என்றும் அதே தீர்ப்பு விலக்களித்தது. நகர்ப்புற தலித்துகளில் நிலமற்றவர்கள் வாழ நேர்ந்த இடங்களின் பட்டியலாகவே அந்த விலக்கை நாம் படிக்கிறோம்.

பட்டியல் சாதியினரை அவர்களுடைய நிலத்திலிருந்தோ வளாகத்திலிருந்தோ தவறான முறையில் வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஜி)யின்கீழ் குற்றம். கிராமத்து நிலத் தகராறுகளில் நாம் இதைப் பயன்படுத்துகிறோம். ஆற்றங்கரையிலோ, அரசே வெளியேற்றுவதால் அது தவறான வெளியேற்றமாகாது என்ற எதிர்வாதம் உடனே எழுகிறது. உரிய அறிவிப்பும் விசாரணையும் இன்றி நடக்கும் வெளியேற்றம் எவ்வாறு முறையானதாகும் என்பதை நீதிமன்றங்களில் இன்னும் வலுவாகக் கேட்க வேண்டியுள்ளது.

ஒரு வெள்ளத்திலிருந்து மற்றொரு வெள்ளத்துக்கு

கூவம் சீரமைப்பு புதிய முயற்சி அன்று. 1960களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில் படகுத் துறைகள் கட்டப்பட்டன. படகுகளும் சிறிது காலம் ஓடின. கழிவுநீர் நிற்காததால் படகுகள் நின்றன. இன்றைய திட்டத்தைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. 2015இல் இதற்கென ஏறத்தாழ 605 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கரையிலிருந்து அகற்றப்பட வேண்டியவை என 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கணக்கிடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் வந்த பெருவெள்ளம் வெளியேற்றத்தை விரைவுபடுத்தியது. மக்களின் பாதுகாப்புக்காகவே அவர்களை அகற்றுகிறோம் என்ற நியாயம் அப்போது கிடைத்தது.

ஆனால் எங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலங்களில் அமைந்தவை. ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற அதே சதுப்புநிலம்தான் அது. செம்மஞ்சேரியில் மழைக்காலந்தோறும் நீர் புகுவது செய்தியே அல்லாமல் போய்விட்டது. நீர்நிலையில் வாழ்வது சட்டவிரோதம் என்று கூறி அகற்றப்பட்டவர்களுக்கு, இன்னொரு நீர்நிலையின் விளிம்பில் அரசே அடுக்குமாடிகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறது.

சிந்தாதிரிப்பேட்டையிலும் எழும்பூரிலும் வாழ்ந்தவர்களின் பிழைப்பு நடந்துசெல்லும் தொலைவில் இருந்தது. அதிகாலை மீன் சந்தை, புதுப்பேட்டையின் வாகன உதிரிபாகக் கடைகள், சென்ட்ரலின் சுமைதூக்கும் வேலை, சுற்றியுள்ள தெருக்களின் வீட்டுவேலை ஆகியவை அவர்களின் வாழ்வு. சுமார் 20 கிலோமீட்டர் அப்பால் சென்றதும் முதலில் வேலையை இழந்தவர்கள் பெண்கள். காலை 5 மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கி, 7 மணிக்குள் திரும்பிவந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வாழ்க்கை, இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவில் சாத்தியமில்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு 5,000 ரூபாய் இடமாற்றுப் படியும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் பிழைப்பூதியமும் அறிவிக்கப்பட்டன. இழந்த வேலையின் கூலியோடு ஒப்பிட்டால் அதன் போதாமை விளங்கும்.

வீடு கிடைத்துவிட்டதே என்பார்கள். கழிப்பறையும் கதவும் உள்ள வீடு சிறிய செய்தியன்று; அதை மகிழ்வோடு ஏற்ற குடும்பங்களை நாமும் சந்தித்திருக்கிறோம். ஆனால் ஒரே இடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை எட்டு மாடிகளில் அடுக்கி, அதில் நகரின் தலித்துகளையும் பிற ஏழைகளையும் மட்டும் குவித்தால் அது புதிய சேரிதான். கண்ணகி நகர் என்ற முகவரியைக் கண்டாலே வேலை மறுக்கப்படுகிறது என்று இளைஞர்கள் கூறுவதை நாம் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சாதியைக் கேட்காமலேயே சாதியை அறிந்துகொள்ளும் வழியாக முகவரி மாறிவிட்டது.

2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவக் கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டே மறுகுடியமர்வுக் கொள்கைக்கான வரைவை அரசு வெளியிட்டது. மக்கள் போராடினால் கொள்கை அசையும் என்பதற்கு அது சான்று. ஆனால் கொள்கை என்பது வாக்குறுதி மட்டுமே. மீறினால் நீதிமன்றத்தில் கேட்கத்தக்க உரிமையாக அது சட்டமாக வேண்டும்.

நாம் கோருவது

ஆற்றையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்துவதை முதலில் கைவிட வேண்டும். அதற்கு நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, கூவத்தின் எல்லை அளவிடப்பட்ட வரைபடத்தையும், அதனுள் வரும் அனைத்துக் கட்டுமானங்களின் பட்டியலையும் அரசு வெளியிட வேண்டும். அரசுக் கட்டடங்கள், தனியார் நிறுவனங்கள், சாலைத் தூண்கள், குடிசைகள் எல்லாம் ஒரே பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், விடுபட்ட பகுதிகளைக் குடிசைப் பகுதிகளாக அறிவிக்க வேண்டும். வெள்ள அபாயம் உண்மையிலேயே உள்ள இடங்களில், அதே வட்டாரத்துக்குள் மாற்று வீடு தர வேண்டும். நகரின் நடுவே அரசு நிலம் இல்லாமல் இல்லை.

மூன்றாவதாக, வெளியேற்றக் கணக்கெடுப்புகளில் சாதிவாரி விவரம் சேகரித்து வெளியிடப்பட வேண்டும். எண்ணப்படாத அநீதி, நடக்காத அநீதியாகவே கருதப்படும்.

நான்காவதாக, கழிவுநீரை அதன் ஊற்றிலேயே தடுப்பதற்கும், முழுமையாக இயந்திரமயமான கழிவுநீர்ப் பராமரிப்புக்கும் முதலிடம் தர வேண்டும். மேற்பகுதி ஏரிகளைத் தூர்வாரி, கேசவரத்திலும் கொரட்டூரிலும் திருப்பப்படும் நீரில் ஆற்றுக்கென ஒரு பங்கு விட வேண்டும். நீர் ஓடினால்தான் அது ஆறு.

கரையில் இன்னும் வாழும் குடும்பங்களுக்கு நடைமுறை சார்ந்த சில சொற்கள். குடியிருப்பைக் காட்டும் பழைய ஆவணங்களின் நகல்களை வீட்டுக்கு வெளியேயும் ஓரிடத்தில் வைத்திருங்கள். அறிவிப்பு வந்தால் வாய்மொழியாகப் பேசி விட்டுவிடாமல், எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் உள்ளதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் பெண்களும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமையுள்ளவர்கள். இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தைய இரவில் அல்ல, முதல் அளவீட்டுக் குறி சுவரில் விழும் நாளிலேயே அந்த உதவியை நாடுங்கள்.

செங்கல்பட்டின் சேரிகளில், குடியிருக்கும் மனையே சொந்தமில்லாத நிலையை 1891இல் ஓர் ஆட்சியர் எழுதிவைத்தார். அந்த ஊர்களிலிருந்து ஓடிவரும் ஆற்றின் கடைசிக் கரையில், 130 ஆண்டுகள் கடந்தும் அதே நிலை தொடர்கிறது. மிராசுதாரின் இடத்தில் இப்போது அரசு நிற்கிறது. கூவத்தில் மீண்டும் தெளிந்த நீர் ஓடும் நாளை நாமும் விரும்புகிறோம். அந்த நாளில் அதன் கரையிலோ, கரைக்கு அருகிலோ, இவ்வளவு காலம் அதன் நாற்றத்தைச் சுமந்தவர்களும் இருக்க வேண்டும். அதை அருளாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம்.